ஆதிச் சபையில் தலைவரை யார் தேர்ந்தெடுத்தார்கள்? ஓட்டா, சீட்டா, நியமனமா?

சேகரத்துப் பையன்:
எங்கள் சேகரத்தில் (சில ஊர்ச் சபைகள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு) கமிட்டித் தேர்தல் முடிந்தும் சூடு ஆறவில்லை. தோற்ற அணிக்காரர் ஒருவர் "ஆதிச் சபையில் ஓட்டு ஏது, அப்போஸ்தலர்கள் தலையில் கை வைத்தார்கள், அவ்வளவுதான்" என்கிறார். ஜெயித்தவர் "வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஐ எடுத்து வாசியுங்கள், சபையார்தான் ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள்" என்கிறார். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டு எடுத்த கதை வேறு இருக்கிறது. வசனம் எனக்கும் தெரியும். முதல் 300 வருடம் நடைமுறையில் எப்படி இருந்தது என்று வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து பிரசங்கம் வேண்டாம்.

பழைய பைண்டிங்:
மூன்றும் நடந்திருக்கிறது, அதனால் எந்த அணிக்கும் வசனம் கிடைக்கும். ஆனால் அப்போஸ்தலர் 6-ல் எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போகிற இடம், சண்டை எதற்கு வந்தது என்பது. உபதேசத்துக்காக இல்லை, சாப்பாட்டுக்காக. எருசலேமில் கிரேக்கம் பேசுகிற விதவைகளுக்கு அன்றாடப் பங்கீட்டில் சரியாக விழவில்லை என்று முறுமுறுப்பு. சபையார் ஏழு பேரை எடுக்கிறார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன தரப்பிலிருந்தே ஆளை எடுத்து அவர்கள் கையிலேயே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. அப்போஸ்தலர்கள் கை வைத்தது அதற்கு அப்புறம்.

என் கட்சி இதுதான்: ஆதிச் சபைத் தலைமை எப்படி வளர்ந்தது என்று பார்க்க, யார் போதித்தார் என்பதைவிட காணிக்கைப் பெட்டிச் சாவி யார் கையில் இருந்தது என்று பாருங்கள். பாதி விஷயம் விளங்கிவிடும்.

மணிக்கூண்டு:
எல்லாவற்றையும் காசுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது இந்தக் காலத்துப் புத்தி. ஏறக்குறைய 96-ல் ரோமிலிருந்து கொரிந்துக்குப் போன கடிதம் இருக்கிறது, கிளமென்ட் எழுதியதாக மரபு. கொரிந்தில் சிலர் சேர்ந்து மூப்பர்களைக் கழற்றிவிட்டார்கள். ரோம் என்ன சொல்கிறது? அப்போஸ்தலர்கள் ஆட்களை ஏற்படுத்தினார்கள், அவர்கள் இறந்தால் தகுதியான வேறு ஆட்கள் அந்த ஊழியத்தை ஏற்கவேண்டும் என்று ஒழுங்கும் செய்தார்கள், குற்றமில்லாமல் பணி செய்தவர்களை நீக்குவது பாவம் என்கிறது. முதல் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே வாரிசு முறை பேசப்படுகிறது. இதில் பெட்டிச் சாவி எங்கே வந்தது?

பழைய பைண்டிங்:
அதே பகுதியில் இன்னொரு சொற்றொடரும் இருக்கிறதே. அந்த மூப்பர்கள் "முழுச் சபையின் சம்மதத்தோடு" ஏற்படுத்தப்பட்டவர்கள் என்கிறது. இன்னொன்று, அந்தக் கடிதம் ரோமிலுள்ள சபையின் பெயரில் போகிறது, கிளமென்ட் என்ற பெயர் கடிதத்துக்குள் எங்கும் வராது. கொஞ்ச வருடம் கழித்து அந்தியோகியா ஆயர் இக்னாசியார் பத்துப் போர்வீரர் காவலில் ரோமுக்குப் போகிற வழியில் எழுதுகிறார். ஆசியாவிலுள்ள சபைகளுக்கு எழுதும்போது வரிக்கு வரி பிஷப் (ஆயர்), பிஷப். ஆயரில்லாமல் எதையும் செய்யாதே என்று அடித்துச் சொல்கிறார். ரோமுக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் அந்த ஊர் பிஷப் என்று ஒருவரையும் சொல்லவில்லை. ரோமில் அப்போது ஒற்றைத் தலைவர் இல்லை, மூப்பர் குழுதான் நடத்தியது என்று பல ஆய்வாளர்கள் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், ஒருவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றால் கேட்கிறவர்கள் அப்படி நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

மேலறை:
அண்ணன்மார்களே, இரண்டு பேரும் பதவியைப் பற்றியே பேசுகிறீர்கள். சபையை வளர்த்தது பதவிக்காரர்களா? அந்தியோகியாவை எடுங்கள். ரோம சாம்ராஜ்யத்தின் பெரிய நகரங்களில் ஒன்று, கிறிஸ்தவர்கள் என்ற பெயரே அங்கேதான் முதலில் வழங்கியது. யார் ஆரம்பித்தார்கள்? ஸ்தேவான் கொலைக்குப் பிறகு சிதறி ஓடின, சீப்புருதீவாரும் சிரேனே ஊராருமான சிலர். பெயர்கூட இல்லை. எருசலேம் பர்னபாவை அனுப்பியது எல்லாம் நடந்து முடிந்த பிறகு. அப்போஸ்தலர் 13-ல் அங்கே முன்னின்றவர்கள் என்று ஐந்து பேர் வருகிறார்கள்: பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், சிரேனே ஊர் லூகி, ஏரோதுவோடு வளர்க்கப்பட்ட மனாயீன், சவுல். தீர்க்கதரிசிகள், போதகர்கள் என்றுதான் இருக்கிறது. கமிட்டியும் இல்லை, பெட்டியும் இல்லை. ஆவியானவர் சொன்னார், இரண்டு பேரை அனுப்பினார்கள்.

கறுப்புச் சட்டை:
நான் வெளியாள். ஆனாலும் கேட்கிறேன், ஊர் பேர் தெரியாத நாலு பேர் ஒரு மதத்தை வளர்த்தார்கள் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, நிஜத்தில் கான்ஸ்டன்டைன் என்ற ராஜா கையில் எடுத்ததால்தானே வளர்ந்தது? 313-ல் சட்டப்படி அனுமதி, சொத்துத் திரும்பக் கிடைக்கிறது, அரசன் காசில் கோவில் எழும்புகிறது. அதற்கு முந்தியதெல்லாம் சும்மா ஒரு மூலையில் இருந்த கூட்டம்.

கணக்கு டீச்சர்:
சும்மா ஒரு மூலை இல்லை சார். ரோட்னி ஸ்டார்க் என்ற சமூகவியலாளர் 1996-ல் ஒரு கணக்குப் போட்டார். கி.பி. 40-ல் 1,000 பேர் என்று வைத்துக்கொண்டு பத்து வருடத்துக்கு 40 சதவீதம் கூட்டிக்கொண்டே போனார். 100-ல் சுமார் 7,500 பேர். 200-ல் 2 லட்சத்துச் சொச்சம். 300-ல் 60 லட்சத்தைத் தாண்டுகிறது, சாம்ராஜ்யத்தில் 6 கோடிப் பேர் என்று கொண்டால் பத்தில் ஒரு பங்கு. தொடக்க எண் ஊகம், இடையில் எல்லாம் சீராக வளர்ந்ததா என்பதும் ஊகம். ஆனால் என்னைப் போன்ற ஆளுக்கு இதில் ருசி என்னவென்றால், வருடத்துக்கு 3.4 சதவீதம்தான். நூறு பேர் இருக்கிற கூட்டத்தில் வருடத்துக்கு மூன்று நாலு பேர் சேர்ந்தால் போதும். மூவாயிரம் பேர் ஒரே நாளில் ஞானஸ்நானம் எடுக்கிற மாதிரி அற்புதம் தினம் தேவையில்லை, அக்கம்பக்கத்து வீடு, மச்சான் வீடு, கடைக்கு வருகிறவர் என்று போனாலே கணக்கு நேராகிவிடும். முதல் நூறு வருடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், மூன்றாம் நூற்றாண்டில் திடுதிப்பென்று எல்லோர் கண்ணிலும் படும். வட்டிக்கு வட்டி அப்படித்தான்.

கறுப்புச் சட்டை:
ஊகத்தின் மேல் ஊகம். அந்தக் காலத்து வெளியாள் யாராவது பார்த்து எழுதியிருக்கிறானா?

பழைய பைண்டிங்:
எழுதியிருக்கிறான். சுமார் 112-ல் பிளினி, இன்றைய துருக்கியின் வடக்குக் கரையோரம் இருந்த பித்தினியா-பொந்துவுக்கு ஆளுநர். பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதி என்ன செய்வது என்று கேட்கிறார். நகரம் மட்டுமில்லை, கிராமம், வயல்வெளி வரை இது பரவிவிட்டது, கோவில்கள் வெறிச்சோடின, பலியிட்ட இறைச்சியை வாங்க ஆளே கிடைப்பது அரிதாக இருந்தது, நான் நடவடிக்கை எடுத்தபின் மறுபடி விற்கிறது என்கிறார். ஆளுநர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், தன் நடவடிக்கை பலித்தது என்று காட்டவேண்டுமே. அதே கடிதத்தில், உண்மையைக் கறக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் எழுதுகிறார். அந்தக் கூட்டத்தில் அவர்கள் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்டவர்களாம். அந்த ஊர்ச் சபையில் பொறுப்பிலிருந்து நமக்குத் தெரிய வருகிறவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

கணக்கு டீச்சர்:
இதைத்தான் எங்கள் சபையில் சொல்லிப் பார்த்தேன், பெண்களுக்குக் காணிக்கை எண்ணுகிற வேலைகூடக் கொடுக்கமாட்டோம் என்கிறவர்களிடம். ரோமர் 16-ஐத் திறந்தாலே முதல் பெயர் பெபேயாள். கெங்கிரேயா சபை ஊழியக்காரி, பவுலுக்கே ஆதரவாக இருந்தவள். அடுத்தது பிரிஸ்கில்லாள், அவள் வீட்டிலே சபை. வீடு யாருடையதோ அவர்களுக்குக் குரல் இல்லாமலா இருந்திருக்கும்?

மேலறை:
ஆமென், டீச்சர். எங்கள் சபையில் பாஸ்டரம்மா பிரசங்கமே செய்கிறார்கள்.

ஒத்தையடிப் பாதை:
தோமா மயிலாப்பூருக்கு வந்தது பற்றி யாருமே பேசவில்லையே?

நெறியாளர்:
அதற்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, 40 பக்கம் ஆகிவிட்டது. இங்கே வேண்டாம்.

பழைய பைண்டிங்:
மேலறை தம்பிக்கு ஒரு பதில் பாக்கி. சுற்றி வருகிற தீர்க்கதரிசிகள் இருந்தார்கள், உண்மை. அவர்களை எப்படி நடத்துவது என்றே ஒரு கையேடு இருக்கிறது, 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை' என்று பெயர். ஒரே ஒரு முழுப் பிரதி கான்ஸ்டான்டினோப்பிளில் 1873-ல் கிடைத்தது. அதில் என்ன சொல்கிறது தெரியுமா? வருகிறவரை ஆண்டவரைப் போல ஏற்றுக்கொள். ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இன்னொரு நாள். மூன்று நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. கிளம்பும்போது அடுத்த ஊர் வரைக்கும் அப்பம் வாங்கிக்கொள்ளலாம், காசு கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் நிறைந்து "எனக்குப் பணம் கொடு" என்றாலும் கேட்காதே, ஆனால் இல்லாத வேறு ஆளுக்காகக் கேட்டால் குற்றம் சொல்லாதே. கடைசியில், உங்களுக்கென்று கண்காணிகளையும் (பிஷப்புகள்) உதவிக்காரரையும் நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் பண ஆசை இல்லாதவர்களாக இருக்கட்டும் என்கிறது. பெட்டி பற்றி நான் சொன்னது நினைவிருக்கட்டும்.

சேகரத்துப் பையன்:
காசு கேட்டாலே கள்ளன் என்றால் இன்றைக்குப் பாதி டிவி சேனல் மூடவேண்டும்.

மேலறை:
எல்லா ஊழியக்காரரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் பிரதர்.

மணிக்கூண்டு:
சரி, பெட்டி என்றே வைத்துக்கொள்வோம். பெட்டி அவர்கள் கையில் வந்தது எதற்காக என்றும் சொல்ல வேண்டுமே. இரண்டாம் நூற்றாண்டு நடுவில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதுகிறார்: ஞாயிறு கூடுகை முடிந்ததும் இருப்பவர்கள் மனமிருந்தால் கொடுப்பார்கள், அது தலைமை தாங்குகிறவரிடம் சேரும், அவர் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருக்கிறவர்கள், ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் எல்லோரையும் பார்த்துக்கொள்வார். 197 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் என்ற எழுத்தாளர் மாதம் ஒரு சிறு காணிக்கை, கட்டாயமில்லை, ஏழைகளைப் புதைக்கவும் வயதான அடிமைகளுக்கும் கப்பல் உடைந்து வந்தவர்களுக்கும் போகிறது என்கிறார். ஆயர் என்றால் சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கவேண்டும். ரோமில் 251-ல் கொர்னேலியு ஆயர் எழுதிய கணக்கைச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் காப்பாற்றி வைத்திருக்கிறார்: 46 குருக்கள், 7 திருத்தொண்டர்கள், 7 துணைத் தொண்டர்கள், 42 பீடத் துணைவர்கள், பேயோட்டுவோர், வாசிப்போர், வாயில் காப்போர் சேர்த்து 52 பேர். சபை சோறு போடுகிற விதவைகளும் வறியவர்களும் 1,500-க்கு மேல்.

கணக்கு டீச்சர்:
தினம் 1,500 பேருக்குச் சாப்பாடு என்றால் அரிசி மூட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே பயமாக இருக்கிறது (அங்கே கோதுமைதான், தெரியும்). இதற்கு ஒரு நிர்வாகம் இல்லாமல் முடியவே முடியாது.

பழைய பைண்டிங்:
அதேதான் டீச்சர். இதை மனதில் வைத்துக்கொண்டு கலிஸ்துஸ் கதையைப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த ஆள். அடிமை. எஜமான் கார்ப்போபோருஸ் அவருக்குக் காசு கொடுத்து ரோமில் ஒரு வட்டிக்கடை போடச் சொல்கிறார். விதவைகளும் விசுவாசிகளும் எஜமான் பெயரை நம்பிப் பணம் போடுகிறார்கள். எல்லாம் போய்விட்டது. கலிஸ்துஸ் துறைமுகத்துக்கு ஓடி, கப்பலில் ஏறி, எஜமான் வருவதைப் பார்த்ததும் கடலில் குதிக்கிறார். தூக்கி வந்து செக்குமாடு மாதிரி மாவு ஆலையில் பூட்டுகிறார்கள். விசுவாசிகள் சிலர் "வெளியில் விடுங்கள், பணத்தைத் திரட்டித் தருவார்" என்று கெஞ்சி விடுவிக்கிறார்கள். அப்புறம் யூதர்களின் ஜெப ஆலயத்தில் போய்த் தகராறு, கசையடி, சார்தீனியா சுரங்கம். பேரரசர் கொமோதுஸின் ஆசைநாயகி மார்சியா, சுரங்கத்திலிருக்கிற கிறிஸ்தவர்களை விடுவிக்க ஏற்பாடு செய்கிறாள், பட்டியலில் இவர் பெயரே இல்லை, காலில் விழுந்து வந்து சேர்கிறார். ஆயர் செப்பிரினுஸ் அவரைக் கல்லறைத் தோட்டத்துக்குப் பொறுப்பாளராக்குகிறார். 217 வாக்கில் அவரே ரோம் பிஷப்.

ஒரு எச்சரிக்கை: இதையெல்லாம் எழுதிவைத்தது இப்போலித்து, கலிஸ்துஸுக்குப் பரம எதிரி. அதனால் அப்படியே நம்பாமல் படிக்கவேண்டும். இருந்தாலும் படித்த பண்டிதர் இப்போலித்துவை விட்டுவிட்டு, காசும் கல்லறையும் பார்த்துப் பழகிய முன்னாள் அடிமைக்கு அந்தச் சபை போனது. ரோமின் ஆப்பியா சாலையில் அவர் பெயரில் அந்தக் கல்லறைச் சுரங்கம் இன்றைக்கும் இருக்கிறது.

கறுப்புச் சட்டை:
இந்த ஆளைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லையா?

சேகரத்துப் பையன்:
என் கேள்விக்கு வாருங்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஓட்டு இருந்ததா இல்லையா?

மணிக்கூண்டு:
கைதூக்கி எண்ணுகிற ஓட்டு இல்லை. மக்கள் முன்னிலையில், அக்கம்பக்கத்து ஆயர்கள் வந்து, ஒருமித்துக் கூவி ஏற்பது. சிப்ரியான் 248 அல்லது 249-ல் கார்த்தேஜுக்கு ஆயரானது அப்படித்தான். ஞானஸ்நானம் பெற்று இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பணக்காரர், பேச்சுக்கலை ஆசிரியர். மக்கள் பிடித்த பிடியில் நின்றார்கள், ஐந்து குருக்கள் கடைசி வரை ஏற்கவில்லை. தகுதியில்லாதவரை நிராகரிக்கிற அதிகாரமும் மக்களுக்கு உண்டு என்று அவரே பிறகு எழுதினார்.

பழைய பைண்டிங்:
அந்த ஐந்து பேர்தான் அப்புறம் குடைச்சல் கொடுத்தார்கள். 250-ல் டேசியஸ் பேரரசர் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். எகிப்து மணலில் அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் தியோஜெனெஸ் என்பவர், வயது 72, வலது புருவத்தில் தழும்பு என்று அடையாளத்தோடு இருக்கிறது, நம் ஊர் பழைய பத்திரத்தில் அங்க மச்சம் எழுதுகிற மாதிரி. அவர் கிறிஸ்தவரா இல்லையா என்பது அதில் இல்லை. கார்த்தேஜில் ஏராளமான விசுவாசிகள் பலியிட்டார்கள், சிலர் லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். சிப்ரியான் ஊரைவிட்டு ஒளிந்துகொண்டார். சிறைக்குப் போய்ச் சித்திரவதை அனுபவித்தவர்கள் ஹீரோ ஆனார்கள், அவர்கள் பலியிட்டு விசுவாசத்தில் விழுந்துபோனவர்களுக்கு மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள், சிலதில் "இன்னாரும் அவரோடிருப்பவர்களும்" என்று பொத்தாம் பொதுவாக. ஒரு சீட்டில் இருபது முப்பது பேர் வந்து நிற்கலாம்.

இப்போது யார் தலைவர்? ஒளிந்திருக்கிற பிஷப்பா, சிறையிலிருந்து வந்தவரா? மேலறை தம்பி சொல்கிற ஆவியின் அதிகாரமும் மணிக்கூண்டு ஐயா சொல்கிற பதவியின் அதிகாரமும் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட இடம் இதுதான். சிப்ரியான் என்ன செய்தார்? மறைவிடத்திலிருந்து ஆட்களை அனுப்பி, ஏழைகளுக்கும் தொழில் இழந்தவர்களுக்கும் பணம் கொடுத்து, யார் யாருக்கு என்ன தேவை, யார் ஊழியத்துக்குத் தகுதி என்று விவரம் எடுக்கச் சொன்னார். எதிரணியின் ஃபெலிச்சிசிமுஸ் அதை மறித்து, "இந்தக் காசை வாங்குகிறவனுக்கு எங்களோடு ஐக்கியம் கிடையாது" என்றார். கோட்பாட்டுச் சண்டை மாதிரி தெரிகிறதா உங்களுக்கு?

மணிக்கூண்டு:
251-ல் ஆயர்கள் கூடிப் பேசி, சான்றிதழ் மட்டும் வாங்கினவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்கள் நீண்ட தவம் செய்யட்டும் என்று முடிவெடுத்தார்களே, அதையும் சொல்லுங்கள். கொள்ளைநோய் வந்தபோது சிப்ரியான் விசுவாசிகளுக்கு மட்டுமில்லாமல் எல்லோருக்கும் உதவச் சொன்னார். பக்கத்து நுமிதியாவில் கடத்தப்பட்டவர்களை மீட்க ஒரு லட்சம் செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) திரட்டி அனுப்பினார். 258 செப்டம்பர் 14-ல் தலை வெட்டப்படும்போது, வெட்டுகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார். ஒளிந்தவர் என்று சொன்னவர்கள் வாயை அது அடைத்துவிட்டது.

மேலறை:
அந்த 25 காசு விஷயம் எனக்குப் புதிது. அருமை.

கணக்கு டீச்சர்:
எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது, பழைய பைண்டிங் சாருக்குத்தான் சரியாகத் தெரியும். சபைப் பொருளை அரசாங்கம் ஜப்தி செய்த பட்டியல் ஒன்று இருக்கிறதே, அதில் செருப்புக் கணக்கெல்லாம் வருமே?

பழைய பைண்டிங்:
சிர்த்தா. இன்றைக்கு அல்ஜீரியாவில் இருக்கிற நகரம். 303 மே 19, பேரரசர் தியோக்கிளேசியன் காலத்து ஒடுக்குமுறை. நகர அதிகாரி முனாசியுஸ் ஃபெலிக்ஸ் ஆட்களோடு கிறிஸ்தவர்கள் கூடுகிற வீட்டுக்கு வருகிறார், எழுத்தர் ஒவ்வொன்றாகக் குறிக்கிறார். தங்கக் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, விளக்குகள், அப்புறம் பெண்கள் அங்கி 82, முக்காடு 38, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் காலணி 13 ஜோடி, பெண்கள் காலணி 47 ஜோடி. ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த துணி என்றுதான் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள். பெண்கள் உருப்படி எத்தனை மடங்கு என்று டீச்சரே போட்டுக்கொள்ளட்டும்.

வேதப் புத்தகம் எங்கே என்று கேட்டால் பிஷப் பவுல் "வாசிப்பவர்களிடம் இருக்கிறது" என்கிறார். யார் அவர்கள்? துணைத் தொண்டர்கள் இரண்டு பேர் "நாங்கள் காட்டிக்கொடுக்கிறவர்கள் இல்லை, வேண்டுமானால் கொல்லச் சொல்லுங்கள்" என்று நின்றுவிட்டார்கள். இன்னொரு துணைத் தொண்டர் சில்வானுஸ், ஜாடிக்குப் பின்னால் இருந்தது என்று ஒரு வெள்ளிப் பெட்டியையும் வெள்ளி விளக்கையும் எடுத்துக் கொடுக்கிறார். "கண்டுபிடிக்காமல் இருந்தால் செத்திருப்பாய்" என்கிறான் வந்தவர்களில் ஒருவன்.

கறுப்புச் சட்டை:
அந்த சில்வானுஸை அப்புறம் சபையை விட்டுத் துரத்தியிருப்பார்களே.

பழைய பைண்டிங்:
இல்லை, பிஷப் ஆக்கினார்கள். சில வருடத்தில், அதே ஊருக்கு. மக்களில் ஒரு பகுதி "இவன் காட்டிக்கொடுத்தவன், எங்கள் ஊர்க்காரர் வேறு ஒருவர் வேண்டும்" என்று கூச்சல் போட்டும் நடக்கவில்லை, அவரைத் தோளில் தூக்கி வந்தது மைதானத்துச் சண்டைக்காரர்கள் என்று பிறகு சாட்சி சொன்னார்கள். துணி வெளுக்கிற விக்டர் என்பவர் 20 ஃபோலிஸ் (ரோமப் பணம்) கொடுத்துக் குருவானார். லூசில்லா என்ற பணக்காரப் பெண் கொடுத்த 400 ஃபோலிஸை ஆயர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள், ஏழைகளுக்கு ஒன்றும் போகவில்லை. இதெல்லாம் 320-ல் ஆளுநர் செனோபிலுஸ் முன்னால் விசாரணையில் வெளிவந்தது. சில்வானுஸோடு மனஸ்தாபமாகிச் சபையை விட்டு நீக்கப்பட்ட நுந்தினாரியுஸ் என்ற திருத்தொண்டர்தான் கொண்டுபோனார். அந்த விசாரணைக்காகப் பழைய ஜப்திப் பட்டியலை வாசித்ததால்தான் அது நமக்கே கிடைத்திருக்கிறது.

சேகரத்துப் பையன்:
ஆள் பலம், காசு, ஊர்க்காரன் வேண்டும் என்ற கோஷம், தோற்றவர் வழக்கு. போதும் ஐயா, இதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் இரண்டு அணிக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.

மணிக்கூண்டு:
வாசிக்கும்போது கொர்னேலியுவின் 1,500 விதவைகள், வறியவர்களையும் சேர்த்து வாசியுங்கள். சிர்த்தாவை மட்டும் வாசித்தால் அநியாயம்.

கணக்கு டீச்சர்:
அங்கி ஐந்து மடங்குக்கும் மேல், காலணி மூன்றரை மடங்குக்கும் மேல். சேகரத் தம்பி, உங்கள் கமிட்டியில் பெண்கள் எத்தனை பேர்?

சேகரத்துப் பையன்:
ஒருவர். அவரும் செயலரின் வீட்டம்மா.